மூன்றரை மணி வெயில்

குகநாதன் பிடிவாதக்காரர். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அவரைத் தெரிந்த நாலைந்து பேரும் இதை ஒப்புக்கொள்வார்கள். குரோய்டனில் ஓவியச் சாமான் விற்கும் கடையில் நிற்கும் பெண் கட்டாயம் ஒப்புக்கொள்வாள். ஒரே வருடத்தில் மூன்று தடவை அவர் அந்தக் கடைக்குப் போய், வாங்கிய கடதாசிக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கடதாசி பழசு, மஞ்சள் பூத்துவிட்டது, தனக்கு வெள்ளைக் கடதாசி வேண்டும் என்பது அவருடைய வழக்கு. அந்தப் பெண் கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவரையும் ஒருமுறை பார்ப்பாள். பிறகு மறுபேச்சில்லாமல் வேறு கட்டு எடுத்துக் கொடுப்பாள். இந்த ஊர்க்காரரின் மரியாதை அப்படி. ஒரு மனிதன் நேரே போய்க் குழிக்குள் விழப்போகிறான் என்று தெரிந்தாலும், மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகி நின்று வழிவிடுவார்கள்.

நீர்வர்ணம் தீட்டுகிறவனுக்குக் கடதாசியின் வெள்ளைதான் முதல். எண்ணெய் வர்ணக்காரன் என்றால் வெள்ளையை டியூப்பிலிருந்து பிதுக்கிப் பூசிவிட்டுப் போய்விடுவான். நீர்வர்ணத்தில் அந்த வசதி இல்லை. வெயிலோ, வெள்ளைச் சட்டையோ, பால் கோப்பையோ, எது வெள்ளையாகத் தெரியவேண்டுமோ அந்த இடத்தில் தூரிகை படாமல் விட்டுவிடவேண்டும். சுற்றிவர வர்ணம் ஏறியதும் நடுவில் வெறும் கடதாசி வெளிச்சமாக நிற்கும். குகநாதன் அப்படி விட்ட இடமெல்லாம் அவருக்கு அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நீலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மஞ்சள் தெரிந்த இடங்களுக்கு மெல்லிசாக ஒரு பூச்சுக் கொடுத்தார். அழுக்கு அடங்கி வெயில் நிறமாகத் தெரியும்வரை இன்னொரு பூச்சு. தன் மூளையை நினைத்து உள்ளுக்குள் பெருமையும் பட்டுக்கொண்டார்.

அவருக்கு வயது அறுபத்து நாலு. இருபத்தைந்து வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, சுவிஸில் பதினாறு வருடம் உணவகங்களின் பின்னறைகளில் நின்றவர். மகள் லோஜினி இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். இங்கே ஒரு தமிழ்க் கடைக்குச் சாமான் ஏற்றி வான் ஓட்டினார். மகள் படித்தாள், மருந்தாளர் ஆனாள், கல்யாணம் கட்டி லீட்ஸுக்குப் போனாள். அவளுக்கு லக்‌ஷன் பிறந்தபோது, "மூண்டு மாசம் நிண்டு பாத்திட்டு வாறன்" என்று மனைவி கமலேஸ்வரி ஒரு சூட்கேசோடு ரயில் ஏறினார். அந்த மூன்று மாதத்துக்கு இப்போது ஆறு வயது. நடுவில் இன்னொரு பேரனும் பிறந்துவிட்டான்.

சண்டை இல்லை, பிரிவு இல்லை, ஒருவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கோபித்துக்கொண்டு பிரிந்தவனுக்கு அந்தக் கோபமாவது பேச்சுத்துணைக்கு இருக்கும். லீட்ஸில் போய் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு தடவை போய் இருந்து பார்த்தார். அது சின்ன வீடு. முன்னறைச் சோபாவில் படுத்து எழும்பும் மாமனாரைச் சுற்றிக்கொண்டு மருமகன் காலையில் வேலைக்கு ஓடுவதைப் பார்க்க அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாம் தடவை ஒன்பதாம் நாளே வேலை என்று பொய் சொல்லித் திரும்பி வந்தார்.

படம் கீறத் தொடங்கியதும் அந்தப் போக்குவரத்தில்தான். லக்‌ஷனின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு நீர்வர்ணப் பெட்டி வாங்கிக்கொண்டு போயிருந்தார். மகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இவன் எல்லாத்தையும் வாயில வைக்கிறவன்" என்று மூடி, அவருடைய பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை அந்தப் பெட்டி மேசையில் கிடந்தது. ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்து, தேநீர் போட்டு, அதைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. பெட்டியைத் திறந்தார்.

மூன்றரை மணி அவருக்குப் பொல்லாத நேரம். காலையில் ஷிப்ட் இருக்கிறது. இரவில் தொலைக்காட்சி இருக்கிறது, பிறகு நித்திரை இருக்கிறது. மூன்றரைக்கு ஒன்றும் இல்லை. அந்த நேரம் முன்னறை யன்னலால் வெயில் சரிந்து வந்து, கமலேஸ்வரியின் கதிரைமேல் விழும். கதிரையின் முதுகில் அவர் அவசரத்தில் மறந்துவிட்டுப் போன வெள்ளைக் கார்டிகன் கிடந்தது. குகநாதன் அதை எடுத்து மடித்து வைக்கவில்லை. வெயில் அதன்மேல் பட்டதும் அது பொன்போலத் தெரியும். ஆள் இப்போதுதான் எழும்பிக் குசினிக்குள் போனதுபோல இருக்கும். அவர் அதைக் கீறினார். மறுநாளும் கீறினார். மூன்று வருடத்தில் அதே கதிரையை நாற்பது, ஐம்பது தடவை கீறியிருப்பார். கதிரை, கார்டிகன், வெயில். வேறு எதையும் கீற அவருக்கு ஆசை வரவில்லை.

சனிக்கிழமைகளில் நூலகத்தில் நீர்வர்ணக் குழு ஒன்று கூடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேர். ஹிலரி என்ற முன்னாள் ஆசிரியை அவர்களைக் கட்டி மேய்த்தார். ஒருவர் கடல் கீறுவார், ஒருவர் தன் பூனையைக் கீறுவார், ஒருவருக்கு ரியூலிப் பூவைத் தவிர வேறு பூ கிடையாது. தேநீர் குடிக்கும்போது எது உங்களைத் தூண்டுகிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கடற்காரர் காற்று என்பார். பூனைக்காரி பூனை என்பார். குகநாதனின் முறை வந்தால் அவர் "கதிரை" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விடுவார். அவருடைய படங்களைப் பார்க்கும்போது மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. தன் வெயிலைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள் என்று எண்ணினார்.

கண்ணில் கோளாறு என்பது வானால்தான் வெளியே வந்தது. ஒரு மழைநாளில் வானின் பக்கத்தை விளக்குக் கம்பத்தில் தேய்த்துவிட்டார். முதலாளி கண் பரிசோதிக்க அனுப்பினார். இரண்டு கண்ணிலும் கண்புரை, நன்றாக முற்றியிருந்தது. முதலில் வலது கண், ஆறு கிழமை கழித்து இடது கண் என்று நாள் கிடைத்தது.

வலது கண் சத்திரசிகிச்சைக்கு வருவதாகச் சொன்ன கமலேஸ்வரி, முதல்நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, சின்னவனுக்குக் கொப்பளிப்பான் போட்டிருக்கு, உடம்பெல்லாம் கொப்புளம். நான் வெளிக்கிட்டா லோஜினி வேலைக்குப் போகேலாது. தனியச் சமாளிப்பியளோ?"

"சமாளிப்பன். நீர் பிள்ளையைப் பாரும்."

"இஞ்ச எனக்கு ஒரே உடுப்புத் தோய்க்கிற வேலைதான். பெரியவன்ர ஸ்கூல் சேட் எவ்வளவு தோய்ச்சாலும் பழுப்பாத்தான் கிடக்கு. மூண்டு பவுடர் மாத்திப் போட்டன். இந்த ஊர்த் தண்ணி சரியில்லை."

"இந்த நாட்டில வெள்ளை எண்டு விக்கிறது ஒண்டும் வெள்ளையில்லை" என்றார் குகநாதன், அனுபவஸ்தர் குரலில். "என்ர கடதாசியும் அப்பிடித்தான்."

சிகிச்சை அரை மணிக்குள் முடிந்தது. கண்ணுக்கு மேல் பிளாஸ்ரிக் மூடி ஒட்டிய தாதி, இன்று இரவு வீட்டில் கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"ஓம், மனைவி இருக்கிறார்" என்றார் இங்கிலீசில். அதைச் சொல்லும்போது அவர் மனதில் வந்து நின்றது கதிரையில் கிடந்த கார்டிகன்தான். கையெழுத்து வைத்துவிட்டுத் தனியே பஸ் ஏறினார்.

மறுநாள் காலை மூடியைக் கழற்றியதும் முதலில் கண்டது குசினிச் சுவர். அது வெள்ளை. அப்படியொரு வெள்ளையை அவர் பல வருடமாகக் கண்டதில்லை. பால் வெள்ளை, சோறு வெள்ளை, கைகழுவும் தொட்டி வெள்ளை. சின்னப்பிள்ளை போல அலுமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தார். முன்னறைக்குப் போனார். கார்டிகனும் வெறும் வெள்ளை, தோள்மூட்டில் கொஞ்சம் தூசி. பிறகு சுவரில் ஒட்டியிருந்த தன் படங்களைப் பார்த்தார்.

எல்லாம் நீலமாக இருந்தது. கதிரை நீலம், தரை நீலம், வெயில் என்று அவர் விட்ட இடம் குளிரில் விறைத்த விரல்போல நீலம். யாரோ அறையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டதுபோல நாற்பது படமும் நின்றன.

கண்ணில் பிழை என்று பயந்து தாதிக்குத் தொலைபேசி எடுத்தார். தாதி சிரிக்காமல் பொறுமையாக விளங்கப்படுத்தினார். புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல. உலகமே மஞ்சளாகத் தெரியும், ஆனால் அது மெல்ல மெல்ல வருவதால் ஆளுக்குத் தெரியாது. இப்போது பார்ப்பதுதான் சரியான நிறம். அதை நினைத்து மகிழுங்கள் என்றார்.

குகநாதன் மகிழவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்தி இடது கண்ணால் பார்த்தார். இதோ, பொன் வெயில். கார்டிகன், கதிரை, எல்லாம் அவர் கீறியபடியே. கையை மாற்றி வலது கண்ணால் பார்த்தார். நீலம். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கடைக்காரப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்து காது சுட்டது. அதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது. மூன்று வருடம் இந்தச் சுவரில் இத்தனை படம் நீலமாகத் தொங்கியிருக்கிறது. வீட்டுக்குள் வந்து நின்று, "இதென்ன, எல்லாம் நீலமாக் கிடக்கு?" என்று கேட்க ஒரு மனிதர் இருக்கவில்லை. நிறம் பிழைத்ததைவிட அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வாய்விட்டு அழுதார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று தாதி சொன்னது நினைவு வந்து, நிறுத்திக்கொண்டார்.

அடுத்தடுத்த நாட்களில் புதுக் கண்ணால் அதே கதிரையைத் திருத்தமாகக் கீறிப் பார்த்தார். நிறமெல்லாம் சரியாக வந்தது, படம் வரவில்லை. மூன்றரை மணிக்கு உண்மையில் அந்த அறைக்குள் வந்தது வெளுத்த, சாதாரண லண்டன் வெளிச்சம். பொன் வெயில் தோர்ண்டன் ஹீத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அவர் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. அதில் பாதி போய்விட்டது, மற்றப் பாதிக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படங்களை அவர் கீறியபடி பார்க்க உலகத்தில் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

இந்த நேரம் பார்த்து நூலகத்தில் குழுவின் கண்காட்சி வந்தது. ஆளுக்கு ஒரு படம். குகநாதனின் படத்தை ஹிலரி முதலே தேர்ந்து எடுத்துச் சட்டம் போட்டிருந்தார். கமலேஸ்வரிக்கும் செய்தி போய், ஒருநாள் லீவு போட லோஜினி சம்மதித்து, காலையில் வந்து பின்னேரமே திரும்புவதற்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. கண்காட்சி சனிக்கிழமை. இடது கண்ணுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.

படங்களை மாட்டுவதற்கு வெள்ளிக்கிழமை நூலகத்துக்குப் போனபோது, தன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைக் குகநாதன் வாசித்தார். இழந்த தாய்நாட்டின் துயரத்தை நீலமாகத் தீட்டும் அகதி ஓவியர் என்று ஹிலரி தன் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்.

"ஹிலரி, இந்தப் படம் நீலம் என்று உங்களுக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டார்.

ஹிலரிக்குக் கேள்வி விளங்கவில்லை. "தெரியாமல் என்ன? எங்கள் எல்லோருக்கும் அந்த நீலம் நெஞ்சைப் பிசையும்."

"ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?"

"அது உங்கள் துயரம் என்று நினைத்தோம். அதைப்பற்றிக் கேட்பது நாகரிகம் இல்லையே."

குகநாதனுக்கு முதலில் ஆத்திரம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. நாட்டை இழந்த துயரம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் இந்தக் கதிரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஆணியில் கைவைத்தார். ஆறு வருடத்தில் கமலேஸ்வரி அவருக்காக என்று எடுத்த முதல் டிக்கெட் நாளைக்கு. வெறும் ஆணியையா காட்டுவது? கையை எடுத்துவிட்டார். ஹிலரியிடம் பேனா வாங்கி, அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் இங்கிலீசில் எழுதினார்: 'பின்னேரம் மூன்றரை மணி. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.' அந்தப் பக்கம் தெரிய அட்டையைத் திரும்ப ஒட்டினார். அவரைத் தூண்டுவது எது என்பதற்கு மூன்று வருடத்தில் அவர் சொன்ன சரியான பதில் அதுதான்.

சனிக்கிழமை ரயில் ஒன்றேகால் மணிநேரம் பிந்தி வந்தது. ரயிலடியில் இறங்கிய கமலேஸ்வரி அவர் முகத்தைக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். "மெலிஞ்சு போனியள்" என்றார். வீட்டில் சோறும் இறால் குழம்பும் சமைத்து வைத்திருந்தார் குகநாதன். ஆனால் ரயில் மாறித் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து சேர்ந்தபோது, நூலகத்துக்கும் போய் வீட்டுக்கும் போக நேரம் காணாது என்று தெரிந்துவிட்டது.

"வீட்டைப் பாக்காமலே போறதோ?" என்றார் கமலேஸ்வரி. சொல்லிவிட்டு, "சரி, படத்தைப் பாப்பம்" என்றார்.

படத்துக்கு முன்னால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், திரும்ப இறக்கினார், இன்னும் ஒரு அடி கிட்டப் போனார். குகநாதன் பக்கத்தில் நின்றார்.

"எங்கட முன்னறை."

"ஓம்."

"இது என்ர கார்டிகன் எல்லே? லீட்ஸில நான் இதைத் தேடாத இடமில்லை."

"கதிரையிலதான் கிடக்குது."

"எடுத்து மடிச்சு வைக்கேலாதோ?"

"ஏலும்" என்றார் குகநாதன். "வைக்கேல்லை."

கமலேஸ்வரி அட்டைக்குக் குனிந்தார். இங்கிலீசை எழுத்துக்கூட்டி, உதடு அசைய வாசித்தார். ஒருமுறை வாசித்து முடித்து, மேலிருந்து இன்னொருமுறை வாசித்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"அந்த வெயில் அப்பிடியே இருக்குதப்பா" என்றார் பிறகு. "பின்னேரத்தில எங்கட வீட்டுக்குள்ள விழுற மஞ்சள் வெயில். எப்பிடி இவ்வளவு சரியாக் கீறினனீங்கள்?"

குகநாதன் கீறிய படத்தை முதல்முதலாக ஒருவர் பார்த்துவிட்டார். மூன்று வருடம் அவர் காத்திருந்த சொல் இதுதான், இதற்குமேல் வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது. நாலைந்து மூச்சு அந்தச் சந்தோசத்தில் நின்றிருப்பார். அதற்குள் லக்‌ஷனின் பழுப்புச் சேட் நினைவுக்கு வந்தது. மூன்று பவுடர், சரியில்லாத தண்ணீர். தன்னுடைய கடதாசிக் கட்டுகள்.

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் யோசித்தார். இந்த ஒருநாள் மட்டும். ஆனால் கமலேஸ்வரி ஒவ்வொரு நாளும் இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் தெருக் கடக்கிறார். வான் உரசிய விளக்குக் கம்பம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"கமலா, பெரியவன்ர சேட் பழுப்பெண்டு சொன்னனீர் எல்லே?"

"ஓம். அதுக்கு இப்ப என்ன?"

"அது சேட்டில பிழையில்லை. தண்ணியிலயும் இல்லை." வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் இப்பிடித்தான் இருந்தது. லோஜினியட்டைச் சொல்லி இந்தக் கிழமையே கண்ணைக் காட்டும்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரப் பெண், நீலப் பூச்சு, தாதி சொன்ன மஞ்சள் கண்ணாடி, ஒன்றையும் ஒளிக்கவில்லை. லீட்ஸ் வீட்டிலும் கமலேஸ்வரியின் முகத்தை நேரே பார்த்து யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை என்பது அவர் கேட்டுக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அப்ப இந்தப் படம்?"

"நீலம். எல்லாருக்கும் நீலம். உமக்கும் என்ர இடது கண்ணுக்கும் மட்டும்தான் வெயில்."

"இடது கண்ணை எப்ப செய்யினம்?"

"செவ்வாய்க்கிழமை."

"நானும் செய்தா எனக்கும் நீலமாத்தான் தெரியுமோ?"

"ஓம்."

கமலேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தார். வாசிப்பு மேசையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துவந்து படத்துக்கு நேர்முன்னால் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்தார்.

"ரயிலுக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?"

"இன்னும் இருவது நிமிசம் இருக்கு."

"அப்ப நீங்களும் இருங்கோ. வடிவாப் பாத்திட்டுப் போறன்."

குகநாதன் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.